கட்டுப் போட்ட கை

அவனுக்கு இல்லாத நோய் கிடையாது. காது இரைச்சல், வயிற்றுப்புண், முதுகுப் பிடிப்பு, ஒற்றைத் தலைவலி. ஐஸ் ஆகாது, புகை ஆகாது, மாடிப்படி ஏறினால் முட்டி பிடித்துக்கொள்ளும். இத்தனையையும் வைத்துக்கொண்டு டிரம்ஸ் வாசித்தான். சும்மா இல்லை, புதுச்சேரியில் அந்த வேகத்துக்கு இன்னொரு ஆள் கிடையாது. வாசிக்கும்போது மட்டும் நோயெல்லாம் எங்கேடா போகுது என்று கேட்போம். வாசித்து முடித்ததும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்திருப்பான்.

பெயரைச் சொல்லப் போவதில்லை. இப்போது துபாயில் இருக்கிறான். பெயரைப் போட்டேன் என்று தெரிந்தால் போன் பண்ணி, உன்னால் எனக்குப் பிரஷர் ஏறிவிட்டது என்பான். அப்போது நாங்கள் அவனை ஆஸ்பத்திரி என்றுதான் கூப்பிட்டோம். வேலையும் அதற்கேற்ற மாதிரி லாஸ்பேட்டையில் ஒரு ஸ்கேன் சென்டரில். எக்ஸ்ரே எடுப்பவன். பகலெல்லாம் வருகிறவர்களை மூச்சை இழுங்க, பிடிங்க, விடுங்க என்று படுத்திவிட்டு, சாயங்காலம் பாகூருக்குப் பஸ் ஏறாமல் எங்களிடம் வந்துவிடுவான். பாகூரில் அவன் குடும்பத்துக்கு நிலம் இருந்தது. நாற்று நடவுக்கு லீவு வேண்டுமென்றால்கூட நடவு என்று சொல்ல மாட்டான். ஜுரம் என்பான்.

எங்கள் பேண்டுக்குப் பெயர் கருங்கல். ஹார்ட் ராக் வாசிக்கிறவர்கள் வேறு என்ன பெயர் வைக்க முடியும்? நான்கு பேர். மிஷேல் கிட்டார். அவன் அப்பா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்கியவர், எங்கள் ஊரில் சொல்தா என்று சொல்வோமே, அந்தக் குடும்பம். அவர்கள் வீட்டு மாடி அறைதான் எங்கள் பயிற்சி இடம். தேன்மொழி பேஸ் கிட்டார், பகலில் ஓர் அரசு அலுவலகத்தில் கிளார்க். ஆஸ்பத்திரி டிரம்ஸ். நான் பாட்டு. பாட்டு என்பது மரியாதைக்குச் சொல்வது. உண்மையில் கத்துவேன். பகலில் ஒரு தனியார் பள்ளியில் சமூக அறிவியல் வாத்தியாராக ஐம்பது பிள்ளைகளிடம் கத்துவேன், சாயங்காலம் மைக்கில் கத்துவேன்.

எங்கள் முதல் ஆல்பம் முழுக்கக் கத்தல்தான். எட்டுப் பாட்டு, எட்டும் தலைதெறிக்க ஓடும். அதில் 'கொதிகலன்' என்று ஒன்று. மூன்றரை நிமிடம் அவன் மூச்சுவிடாமல் வாசிப்பான், கடைசியில் நான் ஒரே மூச்சில் அலறி முடிப்பேன். காலேஜ் பிள்ளைகளுக்கு அந்த அலறல் என்றால் உயிர். வண்டியில் போகிறவன் சிக்னலில் என்னைப் பார்த்தால் அதே மாதிரி அலறிக் காட்டிவிட்டுப் போவான். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அந்த நாட்களில் அவனுடைய நோய்களோடு நாங்கள் பட்ட பாடு கொஞ்சமில்லை. பயிற்சி நன்றாகச் சூடு பிடிக்கும் நேரம் பார்த்து, சரியாக ஆறரைக்குக் குச்சிகளைக் கீழே வைத்துவிடுவான். அல்சராம். ஏழு மணிக்குள் சாப்பிடவில்லையென்றால் வயிறு எரியுமாம். மிஷேலுக்குப் பற்றிக்கொண்டு வரும். "உன் வயித்துக்கு வாட்ச் கட்டி வுட்டுருக்கியாடா?" என்று ஒரு நாள் கேட்டே விட்டான். ஆஸ்பத்திரி சட்டையைத் தூக்கி வயிற்றைத் தடவிக் காட்டினான். அந்த வருடம் ஆடி மாதம் வீராம்பட்டினம் தேருக்கு எல்லோரும் போனோம். அல்சர்காரன் அங்கே நின்று மிளகாய் பஜ்ஜி ஆறு தின்றான். எண்ணினேன். அல்சர் குணமாகிவிட்டதா என்றதற்கு, அம்மன் சந்நிதியில் ஒன்றும் செய்யாது என்றான். நாங்களும் மண்டையை ஆட்டிக்கொண்டோம். புத்தி எங்கே போயிற்று என்று இப்போது நினைத்தால் சிரிப்பாக இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை மதியம் ஆளில்லாத வீட்டில் நன்றாக வாசிக்கலாம் என்றால் அன்றைக்குக் காது இரைச்சல் வந்துவிடும். டிரம்ஸ் மேல் துண்டைப் போட்டு மூடி, பொத்துப் பொத்தென்று வாசிப்பான். மிஷேலையும் சத்தத்தைக் குறைக்கச் சொல்வான். கீழே மிஷேலின் அப்பா சாப்பிட்டுவிட்டுத் தூங்கிக்கொண்டிருப்பார். அதை எங்களில் ஒருவரும் யோசித்ததில்லை.

முதல் ஆல்பம் வந்து ஒரு வருடம் இருக்கும். காலையில் எழுந்தால் எனக்குக் குரல் வர அரை மணி நேரம் ஆனது. பிறகு ஒரு மணி நேரம். வகுப்பில் பாதிப் பாடத்தில் காற்று மட்டும் வந்தது. ஒருவருக்கும் சொல்லாமல் ஒரு தொண்டை டாக்டரிடம் போனேன். குழாய் விட்டுப் பார்த்தார். குரல் நாணில் இரண்டு பக்கமும் முடிச்சு. இனிமேல் கத்தக் கூடாது, கத்தினால் பேச்சும் போய்விடும், அப்புறம் என்னிடம் வராதீர்கள் என்றார். வெளியே வந்து வண்டியை ஸ்டார்ட் செய்யாமல் அதன் மேலேயே உட்கார்ந்திருந்தேன். தொண்டை போனால் பேண்டு போகும், வாத்தியார் வேலையும் போகும். அந்த வேலையில்தான் வீட்டில் அடுப்பு எரிகிறது. ஒருவரிடமும் மூச்சு விடுவதில்லை என்று முடிவு செய்தேன். இரண்டாவது ஆல்பத்துக்குப் பாட்டெல்லாம் தயாராக இருந்தது, எல்லாம் அலறல் பாட்டு. எப்படியாவது ஒப்பேற்றிவிடலாம், முடித்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பது என் திட்டம். மடத்தனம்தான். ஆனால் பயந்தவனுக்கு அதற்கு மேல் என்ன புத்தி வரும்?

அடுத்த வாரமே ஆஸ்பத்திரி மணிக்கட்டில் கட்டோடு வந்தான். நல்ல அகலமான பேண்டேஜ், முழங்கைக்குக் கொஞ்சம் கீழே வரைக்கும் சுற்றியிருந்தது. நரம்பு வீக்கம், வேகமாக வாசித்தால் கை நிரந்தரமாகப் போய்விடும் என்று டாக்டர் சொல்லிவிட்டார் என்றான். பாட்டெல்லாவற்றையும் பாதி வேகத்துக்குக் கொண்டுவர வேண்டும். மிஷேல் தலையில் கை வைத்துக்கொண்டான். எனக்கு உள்ளுக்குள் பால் வார்த்த மாதிரி இருந்தது. வேகம் குறைந்தால் மூச்சு விட இடம் கிடைக்கும். ஆனால் அதை முகத்தில் காட்ட முடியுமா? நானும் மிஷேலோடு சேர்ந்து உச்சுக் கொட்டினேன்.

அவன் அதோடு விடவில்லை. மெதுவாக வாசிக்கும்போது கிட்டார் கீச்சென்று கேட்கிறது, காது இரைகிறது, இரண்டு படி சுருதியை இறக்கு என்றான். மிஷேல் இறக்கினான். கம்பிகள் துணி காயப்போட்ட கொடி மாதிரி தொய்ந்து தடதடத்தன. சென்னையிலிருந்து தடித்த கம்பி வரவழைத்து மாட்டினோம். இறக்கிய சுருதியில் நான் பாடத் தொடங்கினால் அலறவே இடமில்லை. கீழே, பேசுகிற இடத்தில்தான் பாட முடிந்தது. மைக்கை உதட்டில் ஒட்டவைத்துக்கொண்டு, பக்கத்தில் இருப்பவனை மிரட்டுகிற மாதிரி பாடினேன். டிரம்ஸில் அவன் நான்கு அடி அடிக்கிற இடத்தில் ஒரு அடி அடித்தான். மிச்ச இடம் சும்மா கிடந்தது. அந்தச் சும்மா கிடந்த இடத்தில் கிட்டார் வந்து உட்கார்ந்ததும் எங்களுக்கே உடம்பு சிலிர்த்தது. முதல் ஆல்பத்தில் ஓடினோம். இதில் நடந்தோம். நடந்து வருகிறவனைப் பார்த்தால்தான் அதிகம் பயமாக இருக்கிறது என்று தேன்மொழி சொன்னாள்.

கீழே மிதிக்கிற பெரிய டிரம்முக்கு மட்டும் சத்தம் போதவில்லை. வேகம் இருந்தபோது தெரியாத குறை அது. அவன் மறுநாள் ஸ்கேன் சென்டரிலிருந்து பழைய எக்ஸ்ரே பிலிம் ஒன்றைக் கொண்டுவந்து, பெடல் கட்டை வந்து அடிக்கிற இடத்தில் அளவாக வெட்டி ஒட்டினான். ஒவ்வொரு மிதிக்கும் டொக்கென்று தெளிவாக விழுந்தது. யாருடையதோ முழங்கால். இரண்டாவது ஆல்பத்தின் எல்லாப் பாட்டிலும் அந்த முழங்கால் இருக்கிறது. அந்த மனிதர் எங்கே இருக்கிறாரோ, நன்றாக இருக்கட்டும்.

அந்த ஆல்பத்துக்காக நான் செய்த ஒரு காரியத்தைச் சொல்லியாக வேண்டும். ரெக்கார்டிங் நாள். இரண்டு பேர் வெளியிலிருந்து வந்திருந்தார்கள், ஒலிப்பதிவுக்காக. மிஷேல் பழைய வேகத்தில் ஒரே ஒரு பாட்டாவது வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தான். ஒப்புக்கொண்டால் நான் செத்தேன். பயத்தில் எனக்கு வாய் நீண்டது. எல்லோர் முன்னாலும் டிரம்ஸில் உட்கார்ந்திருந்த ஆஸ்பத்திரியைக் காட்டி, "இந்தக் கைய வெச்சிக்கிட்டு ராக் பேண்டுன்னு சொல்லிக்கக் கூடாது. பஜனை கோஷ்டின்னு போர்டு மாட்டிக்கலாம்" என்றேன். வந்தவர்கள் சிரித்தார்கள். மிஷேல் சிரித்தான். அவனும் சிரித்தான், பேண்டேஜை ஒரு தரம் இழுத்து விட்டுக்கொண்டான். பேச்சு அதோடு மாறிப் போனது. வேகப் பாட்டு இல்லாமலே ஆல்பம் முடிந்தது.

ஆல்பம் வந்தபோது எங்களுக்கே நம்ப முடியவில்லை. சென்னையிலிருந்து, பெங்களூரிலிருந்து எல்லாம் கேட்டுவிட்டு எழுதினார்கள். கருங்கல் வயசுக்கு வந்துவிட்டது, வேகத்தைக் கைவிட்டது துணிச்சலான முடிவு என்றெல்லாம் இணையத்தில் பாராட்டு. துணிச்சலாம்! தொண்டையில் முடிச்சும் கையில் கட்டும் சேர்ந்து எடுத்த முடிவு. என் குரலில் புதிதாக ஓர் ஆழம் வந்திருப்பதாக ஒருவர் எழுதியிருந்தார். அதைப் படித்துவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தேன்.

அந்த நேரத்தில்தான் தேன்மொழி என்னைக் கூப்பிட்டு இரண்டு போட்டோவைக் காட்டினாள். ஒன்று ஆல்பத்தின் அட்டைக்கு எடுத்தது. இன்னொன்று பயிற்சியில் எடுத்தது. ஒன்றில் கட்டு இடது கையில் இருந்தது. இன்னொன்றில் வலது கையில்.

"படத்த திருப்பிப் போட்டுட்டாங்களோ என்னவோ" என்றேன்.

"சட்டை பட்டன் ரெண்டுலயும் ஒரே பக்கம்தான இருக்குது. ஆறு மாசமா மாத்தி மாத்திக் கட்டியிருக்காரு, நாம நாலு கண்ணு வெச்சிக்கிட்டு பாக்கல" என்றாள். அவளுக்குக் கோபத்தைவிடக் குழப்பம்தான் அதிகம் இருந்தது. மிஷேலிடம் இப்போது சொல்ல வேண்டாம், நான் கேட்கிறேன் என்று சொல்லிவிட்டு நேராக ஸ்கேன் சென்டருக்குப் போனேன். எனக்கு நல்ல கோபம். நம்மைப் பொய் சொல்லி ஏமாற்றியிருக்கிறானே என்ற கோபம். யார் யாரைச் சொல்வது பாருங்கள்.

போன நேரம் ஒரு பருமனான அம்மாளைச் சக்கர நாற்காலியிலிருந்து மேசைக்கு மாற்றிக்கொண்டிருந்தான். துணைக்கு வந்த பெண் பிடிக்கத் தெரியாமல் நின்றாள். அவன் இரண்டு கையையும் அந்த அம்மாள் முதுகுக்குப் பின்னால் கொடுத்து, பூ மாதிரி தூக்கிப் படுக்கவைத்தான். கையில் கட்டு இல்லை. கட்டு சோற்றுப் பையின் பிடியில் சுற்றித் தொங்கிக்கொண்டிருந்தது.

கதவில் நின்ற என்னைப் பார்த்தான். ஓடவில்லை, ஒளியவில்லை. எக்ஸ்ரே எடுத்துவிட்டு, அந்த அம்மாளை மறுபடியும் நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு, வா டீ குடிக்கலாம் என்றான். கடையில் வைத்து இடது வலது விஷயத்தைக் கேட்டேன். அதற்குத்தான் அவன் வெட்கப்பட்டான், பொய்க்கு அல்ல. நாள் முழுக்க எதிரே நிற்கிறவர்களின் கையைப் பார்த்துப் பார்த்து, அவர்களுடைய இடது தனக்கு வலது என்று பழகிப்போய், பஸ்ஸில் அவசரமாகக் கட்டும்போது குழம்பிவிடுகிறதாம்.

"எதுக்குடா இந்த வேஷம்?" என்றேன்.

டீயை ஆற்றிக்கொண்டே சொன்னான். "நான் உன் பின்னாடி உக்காந்துருக்கேன். மூணு வருஷமா உன் முதுகுதான் எனக்கு சினிமா. கத்துறதுக்கு முன்னாடி உன் ரெண்டு தோளும் காது வரைக்கும் ஏறுது. மொத ஆல்பத்துல ஏறல. கத்தி முடிச்சதும் கழுத்தப் புடிச்சிக்கிற. அப்புறம் தொண்ட டாக்டர் ரூம்ல இருந்து நீ வந்தத பாத்தேன். அவருக்கு எக்ஸ்ரே குடுக்கப் போயிருந்தேன். வண்டி மேல உக்காந்திருந்தியே, அப்ப."

என்னிடம் நேராகக் கேட்டிருக்கலாமே என்றேன்.

"கேட்டா நீ இல்லன்னு சொல்லியிருப்ப. இல்லன்னு காட்றதுக்கே இன்னும் கத்தியிருப்ப. உன் தொண்டன்னு தெரிஞ்சா மிஷேல் வேற ஆளப் பாக்கலாம்பான். கத்துறவன் தெருவுக்கு ரெண்டு பேரு இருக்கான். என் கைன்னா திட்டுவான், அவ்ளோதான். இந்த ஊர்ல டிரம்ஸுக்கு எங்க போவான்? உங்க ஸ்கூல்லயும் தெரியாது."

இவ்வளவுதான் சொன்னான். பிறகு கடைக்காரரிடம் சர்க்கரை தனக்கு ஆகாது என்று ஏதோ ஆரம்பித்தான். நான் எழுந்து வந்துவிட்டேன். அங்கே உட்கார்ந்திருந்தால் அழுதிருப்பேன்.

வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் ஒவ்வொரு நோயாக எனக்குத் திறந்தது. ஏழு மணிக்குள் தேன்மொழி வீட்டில் இருக்க வேண்டும், இல்லையென்றால் அவள் அண்ணன் வாசலில் நிற்பான். நான்கு பேரில் ஒரே பெண் தன்னால் பயிற்சி நிற்கக் கூடாது என்று அவள் வாயைத் திறந்ததில்லை. அல்சர் திறந்தது. மிஷேலின் அப்பாவின் தூக்கத்துக்காகக் காது இரைச்சல். ஒரு தடவை சென்னைக்குப் போகும்போது அவனுக்கு முதுகுப் பிடிப்பு வந்து ரயிலில் போனோம், அது எனக்குப் பஸ்ஸில் வாந்தி வரும் என்பதற்காக. நடவுக்கு ஜுரம் சொன்னானே, அது மட்டும் ஏன் என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. ஒருவேளை பழக்க தோஷமாக இருக்கலாம். அவனுக்குச் சளி பிடித்துக்கூட நான் பார்த்ததில்லை என்பது அன்றைக்குத்தான் உறைத்தது. பஜனை கோஷ்டி என்ற வார்த்தையும் கூடவே வந்தது. அது வந்த இடத்தில் வண்டியை ஓரம் கட்டினேன்.

ஒரு மாதம் கழித்து ஒரு கல்லூரித் திடலில் எங்கள் நிகழ்ச்சி. இரண்டாவது ஆல்பத்தை முதல் தடவையாக மேடையில் வாசிக்கிறோம். வெயில் இன்னும் இறங்கவில்லை, கூட்டம் நிறைய. நான் அவனிடம் ஒன்றும் பேசியிருக்கவில்லை. பேசவும் அவன் விடவில்லை. தேன்மொழியிடம் ஏதோ சொல்லி மழுப்பியிருந்தேன். அவன் கட்டோடுதான் வந்தான். எந்தக் கை என்று பார்த்தேன். வலது. இந்த முறை மாறாமல் இருக்க உள்ளங்கையில் பேனாவால் ஒரு புள்ளி வைத்திருந்தான், கடன்காரன்.

ஐந்து பாட்டு வரைக்கும் கூட்டம் அமைதியாகக் கேட்டது. பிடித்தும் இருந்தது. பிறகு பின்னாலிருந்து ஒருவன் 'கொதிகலன்' என்று கத்தினான். பத்துப் பேர் சேர்ந்தார்கள். நூறு பேர் ஆனார்கள். கொதிகலன், கொதிகலன் என்று தரையை மிதித்துக்கொண்டு கேட்டார்கள். மிஷேல் என்னைப் பார்த்தான். நான் மைக்கைப் பிடித்தபடி நின்றேன். பின்னால் அவன் எழுந்து நின்று, கட்டுப் போட்ட கையை உயரத் தூக்கி, முடியாது என்று ஆட்டினான்.

கூட்டத்துக்கு அது போதாதா? ஊளையிட்டார்கள். முன் வரிசையில் ஒருவன், "கை போனா ஊட்ல கெட, வேற ஆளு வரட்டும்" என்றான். ஒரு தண்ணீர் பாட்டில் பறந்து வந்து டிரம்ஸில் பட்டுத் தெறித்தது. அவன் கையை இறக்கவில்லை. சிரித்துக்கொண்டு, தலையைக் குனிந்து, கையை மட்டும் இன்னும் தூக்கிக் காட்டினான். அப்படியே விட்டால் ஐந்து நிமிடத்தில் அடங்கிவிடும். எல்லாம் அவன் மேல் போய்விடும். எனக்கு வேலை இருக்கும், பேண்டு இருக்கும், குரலில் புதிய ஆழம் இருக்கும். என் பள்ளிப் பிள்ளைகள் நான்கு பேர் அந்தக் கூட்டத்தில் நின்றதையும் பார்த்தேன்.

இரண்டாவது தண்ணீர் பாட்டிலும் பறந்து வந்தது. அவன் நெற்றியில் பட்டது.

மைக்கை உதட்டுக்குக் கொண்டுபோனேன். "அவன் கைக்கு ஒண்ணும் இல்ல. எனக்குத்தான் தொண்ட போயிடுச்சு. இனிமே என்னால கத்த முடியாது. அது வெளிய தெரியக் கூடாதுன்னு எனக்காக அவன் கட்டுக் கட்டிக்கிட்டிருக்கான்."

திடல் அடங்கிவிட்டது. மிஷேல் கிட்டாரைப் பிடித்தபடி அப்படியே நின்றான். தேன்மொழி வாயைப் பொத்திக்கொண்டாள். பின்னாலிருந்து குரல் வந்தது. மூன்று வருடத்தில் முதல் தடவையாக அவன் கோபப்பட்டுக் கேட்டேன்.

"ஏன்டா சொன்ன?"

நான் திரும்பினேன். "வாசிடா. கொதிகலன் வாசி. நான் பாடல" என்றேன்.

அவன் பல்லால் முடிச்சைக் கடித்து இழுத்து, கட்டைச் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக் கீழே போட்டான். குச்சிகளை எடுத்தான். பழைய வேகத்தில் இல்லை. அதைவிட வேகமாக ஆரம்பித்தான். மிஷேல் ஓடி வந்து பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. ஆறேழு மாதம் ஓர் அடிக்கு மேல் அடிக்காமல் உட்கார்ந்திருந்த கை அது. நான் கூட்டத்துக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு அவனையே பார்த்தேன். கண்ணை மூடிக்கொண்டிருந்தான். முகமெல்லாம் சிரிப்பு, குழந்தை மாதிரி. இவ்வளவு வேகமும் இவ்வளவு சந்தோஷமும் அவனுக்குள்ளேதான் இருந்தது, ஒரு நாளும் காட்டிக்கொள்ளவில்லை. நான் அலற வேண்டிய இடம் வந்தபோது திடல் முழுக்க எனக்குப் பதிலாக அலறியது. எனக்குக் கேட்டது அவன் மட்டும்தான். இத்தனையையும் எனக்காக மடித்து வைத்திருந்தானே, பாவி.